போர்த்திய பிளாட்டினம்

விலையுயர்ந்த பொருள் எதுவும் மூடாமல் இருக்கக் கூடாது. இது சுற்றறிக்கை. நகையை நினைத்து எவரோ எழுதியது. பொருள் எதுவும் என்றால் எதுவும்தான்.

அந்த அலுவலகத்து லிஃப்ட் எரிபொருள் கலத்தில் ஓடியது. ஹைட்ரஜனும் காற்றும் உள்ளே போகும், மின்சாரம் வெளியே வரும். செய்தவள் ஆய்வகத்து அம்மாள். ஒரு மாதம் லிஃப்ட் நிற்காமல் ஓடினால் அவள் பிரிவு தப்பும். நின்றால் இழுத்து மூடிவிடுவார்கள். அவளோடு நாலு பேருக்கு வேலை போகும்.

இருபத்தோராம் நாள் தணிக்கை அதிகாரி வந்தார். நுண்ணோக்கிப் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் புள்ளியெல்லாம் என்னம்மா?"

"பிளாட்டினம் சார். வேலை அதுமேலதான் நடக்குது."

"மேல பூசியிருக்கிறது?"

"அயனோமர். ஒரு பாலிமர். புரோட்டானைக் கொண்டுவந்து பிளாட்டினத்துக்கிட்ட சேர்க்கும்."

"அங்கங்கே மூடலையே!"

"முழுசா மூடக் கூடாது சார். அதோட அமில முனை பிளாட்டினத்தை உடும்பு மாதிரி பிடிச்சுக்கும். கனமாப் பூசினா ஆக்சிஜன் உள்ள வராது."

"உடும்புப் பிடியா? அப்ப களவே போகாதே!"

"மூச்சு முட்டும் சார்."

"யாருக்கு?"

"பிளாட்டினத்துக்கு."

"உலோகத்துக்கு மூச்சு முட்டுதா? டாக்டர் சான்றிதழ் இருக்கா?"

இல்லை. உத்தரவு வந்தது: 'மேற்படி உலோகம் எள்ளளவும் வெளித்தெரியாவண்ணம் மேற்படி பாலிமரால் போர்த்தப்பட வேண்டியது. தவறினால் பிரிவு இன்றே மூடப்படும்.'

அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு புதிதாகப் பூசினாள். கனமாக.

சரிபார்க்க அதிகாரியே லிஃப்டில் ஏறினார். இரண்டாம் மாடி தாண்டியது. முனகியது. நின்றது.

"யாருய்யா அங்க? கதவைத் திற!"

லிஃப்ட்காரர் சாவியோடு ஓடி வந்தார். கதவருகே நின்று யோசித்தார்.

"உள்ள நீங்க இருக்கீங்களே சார். விலையுயர்ந்த பொருளு. திறக்கலாமுங்களா?"

"விளையாடாதே! காத்து வரலை, மூச்சு முட்டுது!"

அம்மாள் கதவோரம் குனிந்தாள். "டாக்டர் சான்றிதழ் இருக்கா சார்?"

அரைமணி கழித்துத்தான் சாவி பூட்டில் நுழைந்தது. அதிகாரி வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தார். தொலைந்தோம் என்று நாலு பேரும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள்.

அவர் யாரையும் திட்டவில்லை. திட்டினால் உத்தரவு தப்பு என்றாகிவிடும். உட்கார்ந்து அறிக்கை எழுதினார்: 'பிளாட்டினம் இம்மியும் களவு போகவில்லை. கலம் ஓடாமையால் தேய்மானமும் இல்லை. சோதனை முழு வெற்றி. பிரிவுக்கு ஐந்தாண்டு நீட்டிப்பு.'

"கீழே கையெழுத்துப் போடும்மா."

அம்மாள் அறிக்கையைப் படித்தாள். நாலு பேரும் அவள் கையையே பார்த்தார்கள். போட்டாள்.

இப்போது பிரிவில் பன்னிரண்டு பேர். எல்லா அலுவலகத்து லிஃப்டுக்கும் அதேபோல் போர்த்திய கலம் செய்கிறார்கள். வேலைக்கு ஐந்து மாடி படியேறி வருகிறார்கள். மேலே வந்ததும் இரைக்கிறது. யாரும் வாயைத் திறப்பதில்லை. சான்றிதழ் கேட்பார்கள்.