மூன்று காவல் போட்ட கணினி

ஜாக்கிரதைக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்கள் குடும்பத்தில் ஒருவராவது இருப்பார். இல்லையென்றால் குடும்பக் குழுவில் பொழுது விடிவதற்குள் "எச்சரிக்கை! உடனே பகிரவும்" என்று அனுப்புகிறவர் யார்?

நம்மவர் வீட்டுக் கணினியின் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். ஒரு வைரஸ் தடுப்பு போதாதென்று மூன்றை ஏற்றியிருப்பார். அவை ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொள்வதால், கணினி திறப்பதற்குள் குளித்துச் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடுவார். கேட்டால், "பாதுகாப்புன்னா லேசுப்பட்ட விஷயமா?" என்பார். பென் டிரைவுக்கு வீட்டில் தடை. வைரஸ் அதில்தான் ஏறிக்கொண்டு வருமாம்.

அவர் மகள் கட்டட வரைபடம் போடுகிறவள். சொந்தமாகப் பிடித்த முதல் வேலை, ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடம், அந்தக் கணினியில்தான் இருந்தது. குறித்த நாளில் மதியத்துக்குள் அனுப்பாவிட்டால் வேலை கைநழுவிப் போகும். நகல் ஒன்று எடுத்துக்கொள்கிறேன் என்று முன்பே கேட்டிருந்தாள்.

"எதுக்கும்மா? நான் இருக்கேன்ல?" என்று சொல்லிவிட்டார்.

அன்று காலை அவருக்குச் சிவப்பு எழுத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது. காப்பாற்ற இந்த இணைப்பை அழுத்தவும்.' ஆபத்து என்றபிறகு சும்மா இருக்க அவரென்ன அலட்சியக்காரரா? அழுத்தினார். மூன்று காவலர்களும் தனித்தனியே மறித்து, "நிச்சயமாகவா?" என்று கேட்டார்கள். மூவருக்கும் பொறுமையாக 'ஆம்' என்றார். வரைபடம் உட்பட எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டன.

பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நிஜமாகவே பதறிக்கொண்டு மகளிடம் ஓடினார். விஷயத்தை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். மகள் கத்தவில்லை. தையல் பெட்டிக்குள் கையை விட்டு, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள்.

"வைரஸுக்குப் பயந்தா ஒளிச்சு வெச்சிருந்தே?"

"இல்லப்பா. உங்களுக்குப் பயந்து."

அவள் அதிலிருந்த வரைபட நகலைத் தோழி வீட்டுக் கணினியிலிருந்து அனுப்பக் கிளம்பிப்போனாள். போன கையோடு அவர் கைபேசியை எடுத்துக் குடும்பக் குழுவுக்கு எழுதினார்: "எச்சரிக்கை! இந்த இணைப்பை யாரும் அழுத்தாதீர்கள்." எந்த இணைப்பு என்று நாலு பேருக்குத் தெரியவேண்டுமே என்று அதையும் கீழே ஒட்டினார். மாலைக்குள் மைத்துனர் வீட்டுக் கணினியும் பூட்டிக்கொண்டது.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருக்குமே? அவருக்கு இதை அனுப்பலாமென்று கட்டைவிரல்கூட நகர்ந்திருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அவர் இந்நேரம் இதை உங்களுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.