நாலு மொழி முருகையா

மொழி எண்ணும் மனிதர் என்றொரு இனம் நம்மிடையே செழித்து வளர்கிறது. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வயது எழுபதை ஒட்டியிருக்கும். பெயரைக் கேட்டால், தமக்கு எத்தனை மொழி தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்வார். இரண்டு மொழி பேசுகிறவர்களின் மூளை சீக்கிரம் மூப்படையாது என்று வாட்சாப்பில் ஒரு செய்தி வந்ததிலிருந்து இந்த இனத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மலேசியாவின் ஜெராம் ஊர் முருகையா அந்த இனத்தின் தலைமகன். தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்; அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்கு ஒரு 'லா' போடுவார். மனைவியிடம் மலாயில் காப்பி கேட்டு, பூனையை ஆங்கிலத்தில் அதட்டி, மீன் விற்கும் சீனரிடம் ஹொக்கியனில் பேரம் பேசி, கோயில் கூட்டத்தில் தமிழில் அரைமணி நேரம் 'சுருக்கமாக' உரையாற்றிவிட்டு, நாலு மூளை படைத்தவர்போல் நிமிர்ந்து வீடு திரும்புவார்.

"ரெண்டு மொழிக்கே மூளை துருப்பிடிக்காதாம். எனக்கு நாலு லா! நூறு வயசுலயும் ஒண்ணும் மறக்காது."

மனைவி அன்னம்மா? "அவளுக்குத் தமிழ் ஒண்ணுதான். பாவம்."

இப்படிப்பட்டவர், ஒரு செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிளில் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய், பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். மோட்டார் சைக்கிள் பாசாரிலேயே நின்றது.

"பஸ்ல போய் ரொம்ப நாளாச்சேன்னு ஏறிட்டேன்" என்றார். மகள் மாலா நம்பவில்லை. வண்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, மறுநாளே அப்பாவையும் அம்மாவையும் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள்.

"ஞாபகச் சோதனை நல்லா வந்தாத்தான்ப்பா சாவி."

தாதி விஷாலினி, சின்னப் பெண், சிரித்த முகம். "அங்கிள், ஒரு நிமிஷத்துல எத்தன மிருகம் சொல்ல முடியுமோ சொல்லுங்க. எந்த மொழியில சொல்றீங்க?"

"எது வேணும்? நாலும் இருக்கு."

தொடங்கினார். யானை என்றார். அதையே மலாயில் சொன்னார், ஆங்கிலத்தில் சொன்னார், ஹொக்கியனுக்காகக் கூரையைப் பார்த்துப் பத்து விநாடி யோசித்து அதையும் சொன்னார். அடுத்து புலி; புலிக்கும் நாலு. குதிரைக்கு மூன்று வந்தது, நான்காவதை விடுவாரா? தேடினார். நிமிடம் முடிந்தது.

"பன்னண்டுக்கு ஒண்ணு குறைவு!" என்றார் பெருமையாக.

"இல்ல அங்கிள். ஒரே மிருகத்த நாலு மொழியில சொன்னாலும் ஒண்ணுதான். மொத்தம் மூணு."

மூன்று! முருகையா நாலு மொழியிலும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்; மூன்றுதான்.

வெளியே வந்து அன்னம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரவெல்லாம் தூங்காமல் கிடந்த காரணம் அப்போதுதான் வாயில் வந்தது. "அன்னம்மா... ஆசைப்பட்டு பஸ்ல ஏறலடி. வண்டியில வந்ததே மறந்துபோச்சு. எங்கண்ணன் கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரே, அந்த மாதிரி ஆயிடுவேனா?"

அன்னம்மா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நேத்து உங்கள என்னன்னு திட்டுனேன்?"

அவர் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார்.

"அப்ப ஒண்ணும் இல்ல. போய் தமிழ்லயே சொல்லுங்க. பெருமை பேசாம சொல்லுங்க."

டாக்டரின் எதிரில் மறுபடியும் சோதனை நடந்தது. இந்த முறை முருகையா கூரையைப் பார்க்கவில்லை. ஆடு, மாடு, பன்றி, உடும்பு, கீரி, செம்பனைக் காட்டு மலைப்பாம்பு என்று வந்து, மூச்சு விடுமுன் பத்தொன்பது ஆகிவிட்டது. மற்ற கேள்விகளுக்கும் சரியாகவே பதில் சொன்னார். இப்போதைக்குப் பயமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். பல மொழி நல்லதுதான், ஆனால் அதை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

சாவி கைக்கு வந்த மகிழ்ச்சியில் வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அன்னம்மா இந்தப் பக்கத்து மலாய்க்கார அம்மாவிடம் முட்டிவலிக்கு மலாயில் மருந்து சொல்லி, அந்தப் பக்கத்துச் சீனப் பாட்டியை ஹொக்கியனில் விழுந்து விழுந்து சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு எத்தன மொழி தெரியும்?" என்று வியந்தாள் விஷாலினி.

"எனக்கென்னம்மா தெரியும்? தமிழ்தான். இது சும்மா பேசுறது."

முருகையா திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? மறுநாள் காப்பிக்கடையில் அறிவித்தார்: "எனக்கு நாலு, வீட்டுக்காரிக்கு மூணு. குடும்பத்துல ஏழு லா!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், இதைப் படித்துக்கொண்டே உங்களுக்கு எத்தனை மொழி என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களே, அதில் கொரியத் தொடர் பார்த்துப் பிடித்த அந்த இரண்டு வார்த்தையையும் ஒரு மொழியாகச் சேர்த்தீர்களா, இல்லையா?