மூக்கம்மாளிடம் தென்பட்ட கருத்து

பருத்திக்குச் சான்றிதழ், சாயத்துக்குச் சான்றிதழ், சாயம் கலந்த தண்ணீருக்குச் சான்றிதழ், பட்டனில் விஷம் இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் என்று திருப்பூர் பார்க்காத சான்றிதழ் கிடையாது. ஆகவே வேலம்பாளையத்தில் லிங்கசாமி நடத்தும் பனியன் கம்பெனிக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்து, இனிமேல் 'ரசிகர் நேர்மைச் சான்றிதழ்' என்ற ஒன்றும் வேண்டும் என்று கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. ஷிப்மென்ட் நெருங்கும்போது சிரிக்கிற வழக்கம் அங்கே இல்லை.

விஷயம் இதுதான். பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், கொடுத்திருந்தது ஜாம்பி படம் அச்சிட்ட டீ-ஷர்ட் ஆர்டர். செத்த பிணம் எழுந்து வந்து உயிரோடிருப்பவனைக் கடிக்க, கடிபட்டவனும் பிணமாகி அடுத்தவனைக் கடிக்கப் போவானே, அந்த ஜாம்பிதான். அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளப் போகும் வெளிநாட்டு இளைஞர்களுக்கு ஒரு மனக்குறை. தாங்கள் உயிராய் நேசிக்கும் ஜாம்பியை, ஜாம்பி மேல் பிரியமே இல்லாத எவரோ தைத்துவிடுகிறார்களே என்று. தைக்கிற ஆள் சாப்பிட்டாரா என்று கவலைப்படுவது போன வருஷத்து ஃபேஷன். இந்த வருஷக் கவலை, தைக்கிற ஆள் ரசிகரா என்பது.

எனவே அந்தத் துணியைத் தொடும் ஒவ்வொருவரும் கடந்த தொண்ணூறு நாட்களுக்குள் ஒரு பேய்ப் படமோ ஜாம்பிப் படமோ பார்த்திருக்க வேண்டும். பார்த்ததைப் பற்றிச் சொந்தக் கருத்து வைத்திருக்க வேண்டும். பயம் தன்னார்வமாக ஏற்பட்டிருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பயமுறுத்தியிருக்கக் கூடாது. எவரும் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பயந்திருக்கக் கூடாது. இதையெல்லாம் ஓர் ஆடிட்டர் நேரில் வந்து விசாரிப்பார்.

கம்பெனியின் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது ஒரே ஓர் ஆள். நான்காவது லைனில் துணி மூட்டும் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் மூக்கம்மாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. அவள் குடியிருக்கும் காலனிக்குப் பக்கத்தில் ஒரு பழைய தியேட்டர். பெரிய நடிகர்களின் படம் ஓடாத ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியில் மட்டும் அங்கே பேய்ப் படம் போடுவார்கள். எந்த மொழியில் எடுத்து எந்த லட்சணத்தில் டப்பிங் செய்ததாக இருந்தாலும் மூக்கம்மாள் விடமாட்டாள். ஆறு நாள் சூப்பர்வைசர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பவளுக்கு, இஷ்டப்படி கத்த ஊரில் இருந்த ஒரே இடம் அது. அவள் அலறினால் முன்வரிசையில் இருப்பவர்கள் பிணத்தை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இரண்டரை மணி நேரத்துக்காகத்தான் மீதி வாரத்தை அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

மற்ற இருநூற்றுப் பதினொரு பேரை ரசிகராக்கும் பொறுப்பு ஹெச்.ஆர். சிவபிரகாஷ் தலையில் விழுந்தது. அவர் கேன்டீனில் 'பிணவறை எண் எட்டு' என்ற படத்தைப் போட்டார். அவசர வழி எப்போதும் தெரிய வேண்டும் என்ற தீ பாதுகாப்பு விதிக்கு உட்பட்டு விளக்குகள் அணைக்கப்படவில்லை. காது பாதுகாப்பு விதிக்கு உட்பட்டுச் சத்தம் குறைக்கப்பட்டது. 'பணியிடத்தில் வன்முறைக்கு இடமில்லை' என்ற பலகை அதே சுவரில் தொங்கியதால் கடிக்கும் காட்சிகள் எல்லாம் தள்ளிவிடப்பட்டன. இரண்டேகால் மணி நேரப் படம் இருபத்திரண்டு நிமிஷத்தில் முடிந்தது. அதில் பெரும்பகுதி கதாநாயகன் கார் சாவியைத் தேடுவது.

பார்த்தவர்கள் பயப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். பயம் தொடங்கிய நேரம், பயம் முடிந்த நேரம் என்று அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. எல்லோருக்கும் பதினொன்று ஐந்துக்குத் தொடங்கிய பயம் பதினொன்று இருபதுக்கு முடிந்திருந்தது. பதினொன்று இருபதுக்கு டீ.

அடுத்தது சொந்தக் கருத்து. கோயமுத்தூரிலுள்ள ஓர் ஆலோசகர் அதைத் தயாரித்து அனுப்பினார். ஐந்து வரிகள். சிவபிரகாஷ் அதை லேமினேட் செய்து கேன்டீன் சுவரில் மாட்டினார்.

'முதல் பாதி விறுவிறுப்பு. இரண்டாம் பாதி கொஞ்சம் லேக். பின்னணி இசை மிரட்டல். கிளைமாக்ஸ் எதிர்பார்க்கவே இல்லை. குடும்பத்தோடு பார்க்கலாம்.'

அந்தப் படத்தைத் தியேட்டரில் முன்பே பார்த்திருந்த மூக்கம்மாள் அதை இரண்டு தடவை வாசித்தாள். நேராக சிவபிரகாஷ் மேஜைக்குப் போனாள்.

"ஏன் சார், குடும்பத்தோட பாக்கலாம்னு போட்டிருக்கு. அந்தப் படத்துல அப்பன் பிள்ளையத் திங்கான், பிள்ளை ஆச்சியத் திங்குது. எந்தக் குடும்பம் சார் பாக்கும்?"

"அக்கா, அது பொதுவா எல்லாப் படத்துக்கும் சொல்றதுங்க."

"சொந்தக் கருத்து கேக்காகன்னீகளே. எனக்குச் சொந்தமாவே இருக்கு சார்."

சிவபிரகாஷ் நிஜமாகவே பயந்தார். பதிவேட்டில் ஏறாத பயம் அது ஒன்றுதான். "கருத்து வேணுங்க்கா. ஆனா உங்க கருத்து வேண்டாங்க," என்றார்.

ஆடிட் நாள் வந்தது. கீதாஞ்சலி என்ற ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்து, தண்ணீர் பாட்டிலையும் லேப்டாப்பையும் திறந்துவைத்து ஒவ்வொருவராக அழைத்தார். முதலில் வந்தவர் ஒடிசாவைச் சேர்ந்த தையல்காரர் பிகாஷ். தமிழ் தெரியாது. ஐந்து வரியையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். 'ஆழ்ந்த ரசனை' என்று ஆடிட்டர் குறித்துக்கொண்டார்.

அடுத்து செக்கிங் சாரதாமணி. பதினான்கு வருஷமாக ஆடிட்டர்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய்.

"படம் பார்த்தீங்களாம்மா?"

"பாத்தனுங்க. முதல் பாதி விறுவிறுப்புங்க, இரண்டாம் பாதி கொஞ்சம் லேக்குங்க, குடிதண்ணி நல்லா வருதுங்க, கட்டாய ஓவர்டைம் எதுவும் இல்லீங்க, கக்கூஸ் சுத்தமா இருக்குதுங்க."

ஆடிட்டர் எல்லாவற்றையும் டிக் செய்தார். கேட்காததற்கும் பதில் சொல்வது நல்ல நிறுவனத்தின் அடையாளம் என்று அவருடைய கையேட்டில் இருந்தது.

பிறகு மூக்கம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

"படம் எப்படி இருந்துச்சு?"

"மோசம்மா. ஆறு மாசம் மண்ணுக்குள்ள கிடந்த பிணம் எந்திச்சு வருது. சட்டையில காலர் நிக்கி. கைமடிப்பு பிரியல. எங்க லைன்ல தைச்சது ரெண்டு துவைப்புக்குத் தாங்காது. அதக் கண்டதும் எனக்குப் பயமே போயிட்டு."

ஆடிட்டர் லேப்டாப்பில் கட்டம் தேடினார்.

"ஆனா ஒரு இடம் உண்டும்மா. ஒரு பொம்பளை, கடிபட்டுச் செத்து, வீட்டைத் தேடி வந்திருதா. உள்ள அவ பிள்ளை இருக்கு. வாசல்ல வந்து நிக்கா. கதவைத் தட்டணும்னு அவளுக்குத் தெரியல. கையத் தூக்குதா, எதுக்குத் தூக்குனோம்னு மறந்து போகுது, இறக்குதா. கடிக்கல, ரத்தம் இல்ல, மியூசிக் இல்ல. அங்கதாம்மா எனக்கு ஈரக்கொலை நடுங்கிட்டு. ரெண்டு நாள் சோறு இறங்கல."

"பின்னணி இசை?" என்றார் ஆடிட்டர்.

"அதான் இல்லன்னு சொல்லுதேனே. நீங்க அந்தப் படம் பாத்தீகளாம்மா?"

ஆடிட்டரும் முறைப்படி சான்றிதழ் பெற்றவர்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, "முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி கொஞ்சம் லேக்," என்றார். பிறகு அறிக்கையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி தட்டினார். 'நான்காவது லைனில், தொழிலாளி ஒருவரிடம் கருத்து தென்பட்டது. பத்து நாட்களுக்குள் சரிசெய்யப்பட வேண்டும்.'

லிங்கசாமி அன்று மாலையே சிவபிரகாஷைக் கூப்பிட்டார். "ஏப்பா, எரநூறு பேர்த்துக்கு வராத கருத்து அந்தப் புள்ளைக்கு மட்டும் எப்படிப்பா வந்துச்சு?"

"படத்தை முழுசாப் பாத்திருக்குதுங்க மொதலாளி."

"ஏன் முழுசாப் பாத்துச்சு?"

"தியேட்டர்ல போயிப் பாத்திருக்குதுங்க."

"எப்பப் போச்சு?"

"ஞாயித்துக்கிழமைங்க. நாமதானுங்க லீவு உட்டிருக்கறோம்."

மூலகாரணம் கண்டுபிடிக்கப்பட்டது. திருத்த நடவடிக்கையும் உடனே முடிவாயிற்று. பத்து நாளில் கருத்து சரியாகாவிட்டால் மூக்கம்மாளை அருள்புரம் யூனிட்டின் பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றுவது. அங்கே சாதாரணச் சட்டைதான், எந்த ரசனையும் தேவையில்லை. அங்கே வார விடுமுறை செவ்வாய்க்கிழமை.

சிவபிரகாஷ் நல்ல மனிதர். அதையும் அவர்தான் வந்து சொன்னார். "அஞ்சே வரிதானுங்க அக்கா. வாயில சொல்லிட்டா முடிஞ்சுது. மனசுக்குள்ள நீங்க என்ன வேணா வெச்சுக்குங்க, அதை யாருங்க ஆடிட் பண்ணப் போறாங்க?"

செவ்வாய்க்கிழமை லீவு என்றால் மூக்கம்மாளுக்கு ஞாயிறு வேலை நாள். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி இல்லாத வாழ்க்கையை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அந்தப் படங்களைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் படங்களைப் பற்றி ஒரு பொய் சொன்னால் என்ன என்று தோன்றியது. சரி என்றாள்.

மிஷினில் உட்கார்ந்தபடியே மனப்பாடம் செய்தாள். வலது தோள் மூட்டும்போது முதல் பாதி விறுவிறுப்பு. இடது தோளுக்கு இரண்டாம் பாதி லேக். கைக்கு இசை மிரட்டல், மற்றக் கைக்குக் கிளைமாக்ஸ். பீஸைத் தூக்கிப் போடும்போது குடும்பத்தோடு பார்க்கலாம். ஒரு நாளைக்கு அறுநூறு பீஸ். பத்தாம் நாள் ஆடிட்டர் வந்தபோது, கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்தது. 'கருத்து முற்றிலும் நீங்கியுள்ளது' என்று கீதாஞ்சலி எழுதினார். சான்றிதழ் ஃபிரேம் போட்டு ஆபீஸ் வாசலில் மாட்டப்பட்டது. லிங்கசாமி அதன் கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதே தியேட்டரில், அதே படத்தின் இரண்டாம் பாகம், 'பிணவறை எண் ஒன்பது'. மூக்கம்மாள் தன் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. பிணங்கள் எழுந்தன. அவள் உதடுகள் விறுவிறுப்பு என்று முணுமுணுத்தன. கடித்தார்கள், இசை மிரட்டல் என்றன. வாசலில் நின்ற அந்தப் பெண் இதிலும் வந்தாள். இந்தத் தடவை பிள்ளையே கதவைத் திறந்தது. மூக்கம்மாள் அலறுவதற்காக வாயைத் திறந்தாள். கிளைமாக்ஸ் எதிர்பார்க்கவே இல்லை என்று வந்தது. பயம் வரும் என்று படம் முடியும்வரை காத்திருந்தாள். வராதது அவளுக்குத் துக்கமாக இருந்தது.

வெளியே வந்தபோது ஒரு யூடியூப் சேனல்காரர் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார். வரிசையாக வந்தவர்கள் எல்லோரும், எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்காதவர்கள்கூட, முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி கொஞ்சம் லேக் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு எந்த ஆலோசகரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆலோசகர்தான் இவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று மூக்கம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அக்கா, படம் எப்படி இருக்கு?"

ஐந்து வரியும் தடங்கல் இல்லாமல் வந்தன. "சூப்பர்க்கா, வேற ஏதாச்சும் சொல்ல விரும்பறீங்களா?" என்றார் அவர். மூக்கம்மாள் சொல்ல விரும்பினாள். அந்தப் பெண்ணைப் பற்றி, கதவைப் பற்றி, ரெண்டு நாள் சோறு இறங்காததைப் பற்றி. மைக்கைப் பார்த்தபடி நின்றாள். கை ஒரு தடவை மேலே எழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு இறங்கியது.

அந்த வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். கீழே கருத்து எழுதியவர்களும் ஏராளம். அநேகமாக எல்லோரும் ஒன்றையேதான் எழுதியிருந்தார்கள். அக்கா பேசியதில் முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி கொஞ்சம் லேக்.