நாற்காலிக்கும் பாவம் தீர்ந்தது

ஊரே அந்த மண்டபத்துக்கு ஓடியது. ஏன் ஓடாது? அங்கே சாமியார் ஜோதி ஐயா கொடுக்கும் கல் கையில் ஒளிர்ந்தால் பாவம் தீர்ந்தது. பாவம் தீர்ந்தால் நோய் தீர்ந்தது. நோய் தீர்ந்தால் மாத்திரை எதற்கு? எவ்வளவு சுலபம்! படித்தவர்கள்தான் முதல் வரிசையில் இருந்தார்கள்.

தையல்காரி அக்காவுக்குக் கல் பளிச்சென்று ஒளிர்ந்தது. அன்றே சர்க்கரை மாத்திரையைக் குப்பையில் போட்டாள். பத்தாம் நாள், பாதத்தில் இருந்த சின்னப் புண் குழிவிழுந்து சீழ் பிடித்தது.

"மாத்திரையைப் போடுக்கா," என்று கெஞ்சினாள் தங்கை.

"கல்லே சொல்லிடுச்சு. நீ யாருடி சொல்ல?"

தங்கைக்குப் பலகை எழுதும் தொழில். இருட்டில் ஒளிரும் 'வெளியே செல்லும் வழி'ப் பலகைகளை எழுதி எழுதி நகமெல்லாம் அந்தச் சாயம்தான். மறுநாள் அக்காவோடு அவளும் மண்டபத்துக்குப் போனாள்.

காலை பதினொரு மணி. ஜன்னல்களில் கறுப்புத் திரை. மேடையில் பெரிய விளக்கு. அதன் கீழே ஒரு தட்டு நிறையக் கற்கள். ஐயாவின் மடியில் மூடிய மரப்பெட்டி, அதிலும் கற்கள். பக்கத்தில் ஒரு ஊதா விளக்கும், பக்தர்களுக்குக் குடிக்கக் கொடுக்கும் 'ஒளித் தண்ணி'க் குடுவையும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்குப் பெட்டியிலிருந்து ஒரு கல் கிடைத்தது. விளக்கு அணைந்தது. கல் கரிக்கட்டையாகக் கிடந்தது.

"பாவம் பாக்கி இருக்கு. இன்னும் ஏழு வாரம் வரணும்."

தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன பாவம் செய்தோம் என்று நினைவுக்கு வராதது அவருக்கு இன்னும் பெரிய வருத்தம்.

விளக்கு எரிந்ததும் தங்கை எழுந்து தலைமையாசிரியரிடம் கை நீட்டினாள். "சார், அந்தக் கல்லைக் கொஞ்சம் குடுங்க." அதை விளக்கின் கீழே பிடித்து நூறு வரை எண்ணினாள். மூலையில் சாய்ந்து கிடந்த மூன்று கால் நாற்காலியின் மேல் வைத்தாள். "இப்ப விளக்கை அணைங்க."

"இப்ப நேரம் சரியில்லம்மா," என்றார் ஐயா.

தலைமையாசிரியரே போய் அணைத்தார். கல் பச்சையாக ஜொலித்தது.

"நாற்காலிக்குப் பாவம் தீர்ந்துடுச்சு! கால்தான் இன்னும் முளைக்கலை," என்றாள் தங்கை. கூட்டம் குபீரென்று சிரித்தது. "இந்தக் கல்லு வெளிச்சத்தைக் குடிச்சு வச்சுக்கிட்டு மெதுவா விடுது. பெட்டிக்குள்ள கிடந்தது பட்டினி. அவ்வளவுதான்."

"அப்போ ஐயாவோட ஒளித் தண்ணி?" என்றார் ஒரு பக்தர், விடாமல்.

தங்கை மேடையிலிருந்த ஊதா விளக்கைப் போட்டாள். குடுவைத் தண்ணீர் நீலமாக மின்னியது. ஐயாவின் வெள்ளைச் சட்டையும் அதே நீலத்தில் மின்னியது. அணைத்தாள். இரண்டும் அந்த நொடியே இருண்டன.

"ரெண்டுலயும் சலவைத்தூள். இதுக்குச் சேர்த்து வைக்கத் தெரியாது. விளக்கு எரியிற வரைக்கும்தான் மினுக்கு."

"ஐயோ, நான் மூணு டம்ளர் குடிச்சேனே!" பக்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஐயா கடைசி ஆயுதமாக ஒரு பிளாஸ்டிக் குச்சியை எடுத்து மடக்கினார். அது மஞ்சளாக ஒளிர்ந்தது. "விளக்கே இல்லாம எரியுது, பார்!"

"உள்ளே ரெண்டு மருந்து கலக்குது ஐயா. மருந்து தீர்ந்தா அணைஞ்சிடும்."

ஐயா அந்தக் குச்சி வெளிச்சத்திலேயே பின்வாசலைத் தேடினார். அங்கே தலைமையாசிரியர் நின்றிருந்தார். "உட்காருங்க. போலீஸ் வர ஏழு வாரம் ஆகாது."

அக்கா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக டாக்டரிடம் நடந்தாள். திட்டு நிறைய வாங்கினாள், கால் தப்பியது.

கல் ஒளிர வெளியிலிருந்து வெளிச்சம் வேண்டும். மூளைக்கு அதுகூட வேண்டாம், எப்போதாவது பயன்படுத்தினால் போதும்!