தனிமைக் குட்டையும் ஒற்றை வலையும்

ஒரு காட்டில், சிங்கம் ராஜாவாக இருந்ததோ இல்லையோ, ஒரு பெரிய குளம் இருந்தது. அதன் கரையோரம் ஒரு சின்னக் குட்டை. வாய்க்காலில் அடித்துக்கொண்டு வரும் வெளியூர் மீன்களை நேரே குளத்தில் விட்டால் நோய்நொடி பரவிவிடும் என்று, முதலில் இந்தக் குட்டையில் இருபத்தெட்டு நாள் தனியாக வைப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். அதை ஆமையிடம் ஒப்படைத்ததுதான் வினை.

ஆமையின் பெயர் ஆண்டியப்பன். மூக்குக் கண்ணாடி, தாமரை இலைப் படிவங்கள், ஒரு ரப்பர் முத்திரை, ஒரே ஒரு கைவலை. அவ்வளவுதான் அவர் அலுவலகம்.

வடிவு என்ற கெண்டை அங்கே வந்து சேர்ந்தபோது அவள் வயிறு நிறைய முட்டை. பெரிய குளத்துக் கோரைப் புல்லில்தான் அவள் முட்டையிட முடியும். குட்டையில் இருந்ததோ வெறும் சேறு. மழைக்காலம் முடிவதற்குள் உள்ளே போகாவிட்டால் அத்தனை முட்டையும் வீண். பாவம், நாள் எண்ணியே இளைத்துப் போனாள்.

இருபத்தாறாம் நாள், வாய்க்கால் ஒரு விரால் பயலைக் கொண்டுவந்து தள்ளியது.

"புது ஆள் வந்தாச்சு. எல்லாருக்கும் திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணணும்" என்றார் ஆண்டியப்பன்.

"அவன் வந்ததுக்கு நான் என்ன செய்வேன் அண்ணாச்சி?"

"அவனுக்கு நோய் இருந்தா உனக்கும் ஒட்டியிருக்கும்லா தாயி? எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

அந்தச் சட்டத்தில் குறை சொல்ல முடியாது. கோளாறு அவர் கையிலிருந்த வலையில் இருந்தது. காலையில் அந்த வலையால் பெரிய குளத்தில் குப்பை அள்ளுவார். பிறகு அதையே சொட்டச் சொட்டக் கொண்டுவந்து குட்டையில் விட்டு, மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சோதிப்பார்.

"வலையைக் கொஞ்சம் கழுவிக் காயப் போடக் கூடாதா அண்ணாச்சி? குளத்துல எல்லாரும் கல்லுல உடம்பைத் தேய்ச்சுக்கிட்டே இருக்காங்களாமே?" என்று வடிவு ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அது காலை உடற்பயிற்சி. உள்ளூர்க்காரங்களையே சந்தேகப்படுதியா? ரெண்டாவது வலைக்கு மனு போட்டு மூணு வருஷம் ஆச்சு. வந்ததும் பாத்துக்கிடலாம்."

பெரிய குளத்து மீன்களை யாரும் சோதித்ததே இல்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைப் போய்ச் சோதித்தால் மரியாதையாகவா இருக்கும்?

விரால் வந்த பத்தாம் நாள் வடிவுக்கு உடம்பு அரித்தது. துடுப்பிலும் செதிலிலும் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். இனி ஆயுளுக்கும் இந்தச் சேறுதான், பிள்ளைகள் போச்சு என்று வாய்விட்டு அழுதாள்.

ஆண்டியப்பன் அவளை வலையில் தூக்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, இது நம்ம குளத்துப் புள்ளியாச்சே! அச்சு அசல்! இதை முதல்லயே சொல்லக் கூடாதா தாயி?"

படிவத்தில் முத்திரை விழுந்தது.

"நோய் உள்ள போகக் கூடாதுன்னுதானே இந்தக் குட்டையே வச்சிருக்கீங்க?" என்றான் விரால்.

"வெளியூர் நோய்தாம்ல போகக் கூடாது. இது உள்ளூர் நோய். அது தன் பிறந்த வீட்டுக்குப் போக யாரு தடை சொல்றது?"

அன்றைக்கே வடிவு பெரிய குளத்துக்குள் போனாள். அங்கிருந்தவர்கள் அவள் புள்ளிகளைப் பார்த்ததும் உறவு கொண்டாடி, தேய்த்துக்கொள்ள நல்ல சொரசொரப்பான கல்லாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவள் கோரைக்குள் முட்டையிட்டாள். குஞ்சு பொரித்ததும் சந்தோஷத்தில் குளத்தையே மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள்.

விரால் இருபத்தெட்டு நாளையும் முடித்தான். எப்படியோ அவன் உடம்பில் ஒரு புள்ளிகூட விழவில்லை. அவனை உள்ளே விடலாமா என்று ஆண்டியப்பன் குளத்தைக் கேட்டபோது, எல்லாருக்கும் முந்திக்கொண்டு வடிவுதான் பேசினாள்.

"ஒரு புள்ளிகூடவா இல்ல? பிள்ளைகுட்டி இருக்கிற இடம் அண்ணாச்சி. எதுக்கும் அவன் வெளியிலேயே கிடக்கட்டும்."

நீதி: நோயில்லாதவனைக் கண்டால் நாலடி தள்ளி நில். நம் நோய் வந்தவனே நம்மவன்.