துண்டு நனைந்தால் வருகிறேன்

காத்திருப்போரில் பல இனம் உண்டு. பேருந்துக்குக் காத்திருப்பவர், அது வந்ததும் ஏறிவிடுவார். நான் சொல்லவந்தது கடவுளின் பதிலுக்குக் காத்திருப்பவரை. பேருந்து வந்து நின்று, கதவு திறந்து, ஓட்டுநர் கைகாட்டிக் கூப்பிட்டாலும் 'இது எனக்கென்று அனுப்பிய பேருந்துதானா?' என்று கண்ணை மூடிக்கொள்வார்.

கொரியாவில், எங்கள் இன்ச்சோன் நகரத்துச் சபையில் இந்த இனத்துக்குத் தலைமகன் தாக் மியோங்ஹோ. சபையில் அவருக்கு ஜிப்சா, அதாவது உதவி ஊழியர், என்று பட்டம் உண்டு. அவர் மேனேஜராக இருந்த கம்பெனி மூன்று வருடம் முன்பு மூடியதிலிருந்து வெளியே எந்தப் பட்டமும் இல்லை. விடியற்கால ஜெபத்துக்கு முதல் ஆளாக வருவார், உரத்த குரலில் அழுவார், ஜெப மலைக்குப் போய் உபவாசமிருந்து இளைத்துத் திரும்புவார், இளைத்த உடம்பைத் தேற்ற மனைவி சோன்ரேயின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப்பை உருளை உருளையாக உள்ளே தள்ளுவார். எதைக் கேட்டாலும் "ஜெபிச்சுப் பாக்கிறேன்" என்பார். வீட்டுக் குழாய் ஒழுகியபோதும் அதைத்தான் சொன்னார். குழாய் காத்திருக்கவில்லை.

போன மாதம் சோன்ரேக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. இப்படியே சோறு சுருட்டிக்கொண்டிருந்தால் கையைத் தூக்கவே முடியாமல் போகும் என்றார் டாக்டர். திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் வந்து சுருட்டுங்கள், இல்லையென்றால் கடையை மூடுகிறேன் என்றாள் அவள். குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த ஒரு கடைதான். ஜிப்சா கண்ணை மூடினார்.

உள்ளே இருந்தது பயம். கம்பெனியில் அவர் முன்னால் கைகட்டி நின்ற பழைய ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்கு அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். ஏப்ரன் கட்டிக்கொண்டு அவர்களுக்கு முள்ளங்கி ஊறுகாய் வைப்பதா? பயத்துக்குத் தேவசித்தம் என்று பெயர் வைத்துவிட்டால் எவ்வளவு கௌரவமாக இருக்கிறது பாருங்கள்.

வேதாகமத்தில் கிதியோன் என்பவர் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, 'தோல் மட்டும் நனைந்து தரை காய்ந்திருந்தால் போகிறேன்' என்று கடவுளிடம் அடையாளம் கேட்டார். அடுக்குமாடி வீட்டில் ஆட்டுத்தோலுக்கு எங்கே போவது? சபையின் ஆண்டுவிழாவில் கொடுத்த துண்டை ஞாயிறு மாலை மொட்டைமாடியில் விரித்துவிட்டு வந்தார் ஜிப்சா. திங்கள் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், துண்டையே காணோம். இதற்குக் கிதியோன் கதையில் விளக்கம் கிடையாது.

விசாரிக்கக் கடைக்குப் போனார். சோன்ரே இடது கையால் சோற்றை அமுக்கிக்கொண்டிருந்தாள். துண்டு அவள் தோளில் இருந்தது.

"காயப்போட்டிருக்கீங்கன்னு நினைச்சு எடுத்துட்டு வந்தேன். வெந்நீர்ல நனைச்சுப் போட்டா வலி கேக்குமேன்னுதான்."

துண்டு நனைந்திருந்தது. தரை சுத்தமாகக் காய்ந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே முழங்கால் போட்டிருப்பார்கள். நம் ஜிப்சாவுக்கோ, கிதியோன் மறுநாள் மாற்றிக் கேட்டு இரண்டாவது அடையாளமும் வாங்கினார் என்பது ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கப்போனார்.

"நானுந்தாங்க ஜெபிக்கிறேன்," என்றாள் சோன்ரே. "நீங்க கண்ணைத் தொறக்கணும்னு."

அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அதுதான் அவரைச் சுட்டது. தாக் ஜிப்சா சத்தமே இல்லாமல் அழுதார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஏப்ரனை எடுத்துக் கட்டினார்.

அவர் சுருட்டியதெல்லாம் வயிறு வெடித்துக்கொண்டது. மதியம் வந்த பழைய ஆள் ஒருவன் திகைத்து நின்றான், வெடித்ததையே வாங்கித் தின்றான், தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மேனேஜர் சார், இன்னொண்ணு கிடைக்குமா?"

"கிடைக்கும்," என்றார் அவர், கண்ணைத் திறந்தபடியே.

இப்போதும் விடியற்கால ஜெபத்துக்கு வருகிறார். ஆமென் சொன்னதும் சோறு குழைந்துவிடும் என்று ஓடுகிறார். நேற்றுதான் கேட்டேன், கர்த்தர் முன்பைவிட இப்போது சீக்கிரம் பதில் சொல்கிறாராம்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்குச் சபையோ துண்டோ இல்லாமல் இருக்கலாம்; நல்ல நேரம் வரட்டும், பிள்ளை படிப்பு முடியட்டும் என்று வேறு ஏதாவது விரித்து வைத்திருப்பீர்கள். இதைப் படிக்கும்போதே தள்ளிப்போட்ட ஒரு காரியம் மனதில் வந்து நின்றிருக்குமே? இப்போதே எழுந்து அதைச் செய்யலாம். அவசரம் வேண்டாம் என்றால், இதேபோல் இன்னொரு கட்டுரை கண்ணில் படும்வரை காத்திருந்து பாருங்கள்.