வெந்நீரைத் திருடிய மின்நிலையம்

டொமினிக்கா,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் ஒனேசிம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஆல்ஃபொன்சினின் கணவன் ஹிலாரியன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் அவளும் ஆடுகளும் நலம். உங்கள் அம்மா, அதாவது என் மாமியார், நலத்துக்கும் ஒருபடி மேல். பல வருடமாக மடங்காத முழங்கால் இந்த மாதம் மடங்குகிறது. ஞாயிறன்று கோயிலில் மண்டியிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தும்விட்டார். எல்லாம் ஆண்டவர் செயல் என்கிறார். இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வேலை பார்க்கும் மின்நிலையத்தை வியாழக்கிழமைக்குள் இழுத்து மூட வேண்டும். பூமியைத் துளைத்து எரிமலை ஆவியில் விளக்கு எரிக்கப் போகிறோம், இனி டீசல் கப்பலுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம், புகையே இல்லை என்று திறப்பு விழாவில் நீங்கள் பேசியபோது கைதட்டினவர்களில் நானும் ஒருவன். அந்தக் கையை இப்போது வெட்டிப் போடலாம்போல் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் காசு கொடுத்துக் குளிக்கும் என் வெந்நீர்க் குளம் ஆறிப்போய்விட்டது மச்சான்! மலை ஊற்றிலிருந்து மூங்கில் குழாயில் கொதிக்கக் கொதிக்க வந்த தண்ணீர் இப்போது மூக்கு ஒழுகுவதுபோல் சொட்டுகிறது. போன வாரம் ஒரு ஜெர்மன் அம்மா இறங்கின வேகத்தில் ஏறி வந்து, "ஐஸ் கட்டி எப்ப போடுவீங்க?" என்று கேட்டார். பாதிரியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னேன். குளத்தைவிடத் தீர்த்தம் சூடாக இருந்தது. பக்கத்துக் குளத்துக்காரன் தியோஃபிலஸ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன ஹிலாரி, மீன் வளக்கப் போறியா?" என்கிறான். அவன் குளத்தில் மட்டும் ஆவி பறக்கிறது. உங்கள் நிலையத்தில் அவனுக்கு யாரோ வேண்டியவர்கள் இருக்க வேண்டும்.

நியாயம் கேட்டு நிலைய வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தேன். காவலாளி, "வெயில்ல உக்காராதீங்கண்ணே" என்று உள்ளே அழைத்துப் போய், மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, கொக்கோ டீ கொடுத்தான். எதிரியின் மின்சாரத்தில் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை சுற்றுலாக் கப்பலிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆள் குளிக்க வருகிறார்கள். "அன்னைக்கும் தண்ணி சுடலைன்னா குளத்துல சேப்பங்கிழங்கு நட்டுருவேன், நீ அதே கப்பல்ல ஏறிப் போயிரு" என்கிறாள் உங்கள் தங்கை. புயல் எங்கள் கூரையைக் கொண்டுபோன வருடம் சோறு போட்டது இந்தக் குளம்தான் மச்சான். எனக்குப் பயமாக இருக்கிறது. விளக்கு வேண்டுமென்றால் ஆற்றுத் தண்ணீரில் ஓடும் பழைய மின்நிலையங்கள் இல்லையா? போதாவிட்டால் டீசல் இல்லையா? டீசல் புகை என் குளத்தை ஒருநாளும் தொட்டதில்லை.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் எல்லா நலமும் தரட்டும். உங்கள் நிலையத்துக்குப் பூட்டு மட்டும் தரட்டும்.

இப்படிக்கு,
ஆறின குளத்தின் சொந்தக்காரன்,
ஹிலாரியன்

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடி மாமியார் வீட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே ஒரு தொட்டி. தொட்டிக்குள் என் மூங்கில் குழாயிலிருந்து பிரித்துவிட்ட ஒரு கிளைக்குழாய். உங்கள் அம்மா முக்காலியில் உட்கார்ந்து, கால்களை முழங்கால்வரை வெந்நீரில் விட்டுக்கொண்டு, துதிப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். "கதவச் சாத்துங்க மாப்ளே, குளிர் காத்து வருது!" என்றார். சாத்திவிட்டு வந்தேன். குழாயைத் திருப்பிக் கேட்கும் தைரியம் எனக்கில்லை. உங்களுக்கும் கிடையாது என்கிறாள் ஆல்ஃபொன்சின். ஆகவே மின்நிலையத்தை மூட வேண்டாம். ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓட்டுங்கள். நாளைக்கே என் குளத்துக்கு மின் இணைப்புக் கொடுக்க ஆள் அனுப்புங்கள். பெரிய ஹீட்டராக இரண்டு வாங்கிவிட்டேன். வருகிறவர்களிடம் நான் பொய் சொல்லப் போவதில்லை. எரிமலைச் சூடுதான், கம்பி வழியாக வருகிறது.